உயிரணு எண்ணிக்கை மட்டும் போதுமா? சூடோமோனாஸ் பொடியின் தரமும் காக் மரபணுக்களும்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இயங்கிவருகின்றன. பெரியாறு பாசனத்தில் நெல் விளையும் இந்தச் சுற்றுவட்டாரத்தில், பயிர் நோய்களை அடக்கும் ‘சூடோமோனாஸ்’ என்ற பாக்டீரியத்தின் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் பொடி கலந்து விதைநேர்த்தி செய்வதும், ஹெக்டேருக்கு 2.5 கிலோ பொடியை 50 கிலோ தொழுவுரத்தோடு சேர்த்து வயலில் இடுவதும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகள். பொட்டலத்தின் மேல் ஒரு கிராமுக்கு எத்தனை கோடி உயிரணுக்கள் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் தேவைதான். ஆனால் பொடியின் நோயடக்கும் திறனை அது மட்டும் காட்டிவிடாது. அத்திறனில் பெரும்பங்கு பாக்டீரியத்தின் இரண்டு ஒழுங்குபடுத்தும் மரபணுக்களைச் சார்ந்தது. பொடி தயாரிக்கும் முறையே அவற்றைச் சிதைக்கவும் கூடும். ஆகவே தரச் சோதனையில் அந்த மரபணுக்களின் செயற்பாட்டையும் சேர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பாக்டீரியத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ச. ஞானமாணிக்கம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மியூவுடன் சேர்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வு, நெல் குலைநோயை இப்பாக்டீரியம் அடக்குவதில் அது சுரக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிக்குப் பங்குண்டு என்று காட்டியது. எதிர்ப்பி உற்பத்தி மாறிப்போன சடுதிமாறிகளை உருவாக்கி, அதே கேள்வியை மரபியல் வழியில் சோதித்த ஆய்வு 1996இல் வந்தது. கோவையில் பெ. வித்யாசேகரனும் முத்தமிழனும் டால்க் பொடியில் பாக்டீரியத்தை நிலைநிறுத்தும் முறையை 1995இல் வெளியிட்டார்கள். ஆய்வகத்துக் குடுவையில் இருந்த உயிரி உழவர் கைக்கு வந்து சேர அந்த எளிய முறையே வழி திறந்தது. அது தமிழ்நாட்டு வேளாண் அறிவியலின் பெரிய சாதனை என்றே நான் கருதுகிறேன்.

இனி மரபணுக்களுக்கு வருவோம். சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸின் உயிரணுச் சவ்வில் காக்எஸ் என்ற உணரிப் புரதம் இருக்கிறது. உயிரணுக்கள் பெருகி நெருங்கும்போது அது தூண்டப்பட்டு, உள்ளே இருக்கும் காக்ஏ புரதத்துக்குப் பாஸ்பேட்டை மாற்றுகிறது. இந்தக் காக்ஏ புரதம் ஆர்எஸ்எம் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று சிறு ஆர்என்ஏக்களைப் படியெடுக்கச் செய்கிறது. அதுவரை ஆர்எஸ்எம்ஏ, ஆர்எஸ்எம்இ என்னும் புரதங்கள் எதிர்ப்பிக்கான தூது ஆர்என்ஏக்களின் மேல் அமர்ந்து, ரைபோசோம் நெருங்காதபடி தடுத்துக்கொண்டிருக்கும். சிறு ஆர்என்ஏக்கள் அவற்றைத் தம்மோடு பிணைத்து விலக்கியதும் புரத உற்பத்தி தொடங்குகிறது. ஹைட்ரஜன் சயனைடு, டைஅசிட்டைல்புளோரோகுளூசினால், வெளிச்சுரக்கும் புரதச்சிதைப்பு நொதி ஆகிய அனைத்தும் இந்த ஒரே பிடிக்குள் அடங்கியவை. ஈஸ்ட்டில் கேலக்டோஸ் மரபணுக்களை கேல்4 புரதம் படியெடுத்தல் நிலையிலேயே இயக்குகிறது. இங்கோ முக்கியமான பூட்டு, படியெடுத்த பிறகு, மொழிபெயர்ப்பு நிலையில் விழுகிறது. லோசான் பல்கலைக்கழகத்தின் டீட்டர் ஹாஸ் குழுவினர் இந்த அமைப்பைப் படிப்படியாக அவிழ்த்துக் காட்டினார்கள்.

இவ்வளவு உற்பத்தியையும் காக்எஸ், காக்ஏ என்ற இரண்டே மரபணுக்கள் ஆள்வதால், அவற்றுள் ஒன்று பழுதானாலும் எல்லா எதிர்ப்பிகளும் ஒன்றாக நின்றுபோகும். ஆனால் உயிரணு சாவதில்லை. எதிரியே இல்லாத, சத்து நிறைந்த வளர்ப்பூடகத்தில் எதிர்ப்பி செய்யும் செலவு அதற்கு மிச்சமாகிறது. எனவே வேகமாகப் பெருகுகிறது. சூரிச்சைச் சேர்ந்த பிரையன் டஃபியும் ஜெனவீவ் டெஃபாகோவும் 2000இல் வெளியிட்ட ஆய்வை இத்துறையில் உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். சுவிட்சர்லாந்து மண்ணிலிருந்து எடுத்த சிஎச்ஏ0 என்ற இரகத்தை அவர்கள் 192 தனித்தனி நீர்ம வளர்ப்புகளில் வளர்த்தார்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் காக் சடுதிமாறிகள் தோன்றின. 12 நாட்களில் அவற்றின் பங்கு பெரும்பாலும் 1 விழுக்காட்டை எட்டியது அல்லது தாண்டியது. தொழிற்சாலை முறையைப் பின்பற்றி 20 மில்லிலிட்டர், 100 மில்லிலிட்டர், 500 மில்லிலிட்டர் என்று வளர்ப்பைப் பெருக்கிச் சென்றபோது அந்தப் பங்கு 7, 23, 61 விழுக்காடாக ஏறியது. மூன்றாவது குடுவைக்கு வரும்போது உயிரோடிருந்தவற்றில் பாதிக்கு மேல் எதிர்ப்பி செய்யாதவை. சடுதிமாறிகள் கலந்த வளர்ப்பின் நோயடக்கும் திறனும் கணிசமாகக் குறைந்தது.

இதில் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. சடுதிமாறிகள் எண்ணிக்கைச் சோதனையில் தேறிவிடும், ஏனெனில் அவையும் உயிருள்ளவையே. புறஊதா ஒளியில் ஒளிர்வதை அடையாளமாகக் கொண்டாலும் தேறிவிடும். அவை இயல்பானவற்றைவிடக் கூடுதலாகவே ஒளிர்கின்றன.

பயன்படாத ஒழுங்கமைவை உயிரி உதறிவிடுவது பாக்டீரியத்துக்கு மட்டும் உரியதன்று. குளுக்கோஸ் அளவை மாறாமல் வைத்த தொடர் வளர்ப்பில் ஈஸ்ட்டை வளர்த்த கிவிடெக், ஷெர்லாக் இருவரும் 2013இல் கண்டதும் இதுவே. சூழல் மாறாத இடத்தில், சூழலை உணர்ந்து சொல்லும் சமிக்ஞைப் பாதைகளை இழந்த ஈஸ்ட்டுகளே வென்றன. எதிர்ப்பியை இழக்கும்போது வேறு மாற்றங்களும் சேர்ந்து வரலாம். மதுரைக்கு மேற்கே காமராசர் பல்கலைக்கழகத்தில் வெற்றிவேலும் கு. தர்மலிங்கமும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பியூசிடியஸில் டானோரூபிசின் செய்யாத நிலையான சடுதிமாறிகளைப் பிரித்தெடுத்து 2001இல் விவரித்தார்கள். புற்றுநோய் மருந்தான டானோரூபிசினைத் தரும் பாக்டீரியம் அது. மருந்தை நிறுத்திய சடுதிமாறி ஒன்று கைட்டினேஸ் நொதியை மிகுதியாகச் சுரந்தது. எதிர்ப்பி உற்பத்தியும் உணவைச் சிதைக்கும் வளர்சிதை மாற்றமும் ஒன்றையொன்று தொடாத தனித்தனித் துறைகள் அல்ல என்பதற்கு நம் ஊரிலேயே கிடைத்த சான்று இது. காக் சடுதிமாறிகளிலும் சில கார்பன் மூலங்களைப் பயன்படுத்தும் திறன் மாறியிருந்ததை டஃபியும் டெஃபாகோவும் குறித்திருக்கிறார்கள்.

என் வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். பயிரின் சொந்த எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதே பாக்டீரியத்தின் முதன்மைப் பணி, நேரடியாகப் பூஞ்சையைக் கொல்வதன்று என்பது முதலாவது. கோவையில் சாமியப்பன் குழுவினர் செய்த ஆய்வுகள் இதற்கு வலுவான ஆதாரம் தருகின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சிஎச்ஏ0 இரகத்தில் அந்தத் தூண்டுதலைச் செய்யும் பொருள்களில் டைஅசிட்டைல்புளோரோகுளூசினாலும் ஒன்று. அதுவும் காக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. நம் பொடிக்கான வளர்ப்பு 48 மணி நேரந்தான், 12 நாட்கள் அல்ல என்பது இரண்டாவது. ஒரு குடுவையை மட்டும் பார்த்தால் இது சரி. முந்தைய வளர்ப்பிலிருந்தே அடுத்த வளர்ப்புக்கு விதை எடுக்கும் பழக்கம் எங்கேனும் இருந்தால், அந்த 48 மணி நேரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பரவலாகப் பயன்படும் கிங்ஸ் பி ஊடகமும் பெப்டோன் நிறைந்த சத்தான ஊடகமே.

தீர்வுக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். ஊடகத்தைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்தாலோ, துத்தநாகம் சேர்த்தாலோ சடுதிமாறிகள் பெருகுவது கட்டுப்படுகிறது. கானா, இத்தாலி நாடுகளிலிருந்து எடுத்த இரகங்களிலும் இது பலித்தது. சிஎச்ஏ0வின் சடுதிமாறிக் காலனிகள் ஆரஞ்சு நிறத்தோடு பெரிதாகத் தெரியும். எல்லா இரகங்களிலும் நிறத்தை நம்ப முடியாது. மற்றவற்றில் சடுதிமாறிகளைக் கண்டறியப் பால்பொடி கலந்த அகார் போதும். புரதச்சிதைப்பு நொதி சுரக்கும் காலனியைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். காக் இழந்த காலனியைச் சுற்றி விழாது. நம் இரகங்களுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை முதுநிலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டுக் காலத்துக்குள் சோதித்து முடிக்கலாம்.

ஒத்தக்கடைக் கல்லூரி இதைத் தொடங்கி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மூல இரகத்தை உறைநிலையில் பாதுகாத்து, ஒவ்வொரு தொகுதிக்கும் அதிலிருந்தே விதை எடுக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் நூறு காலனிகளையாவது பால் அகாரில் பார்த்து, வளையமிடுபவற்றின் விழுக்காட்டை உயிரணு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.