மூணு வயசுப் பிள்ளையைச் சுமக்கும் துணி

இன்னைக்கு ஒரு துணியோட வரலாறு. நல்லா நடக்கத் தெரிஞ்சும், பாதி வழியில "தூக்கு"ன்னு கையை நீட்டுற மூணு வயசுப் பிள்ளைக்கான துணி.

உலக சுகாதார நிறுவனத்தோட வளர்ச்சி அட்டவணைப்படி அந்த வயசுல எடை சராசரியா 14 கிலோ. இடுப்புல உட்கார வெச்சா ஒரு கை போயிடும், முதுகும் ஒரு பக்கமா சாயும். இல்லன்னா முதுகுல ஏத்தி "உப்பு மூட்டை". கேளம்பாக்கத்துல இருந்து கோவளம் வர்ற வழியில உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. உப்பை மூட்டையா முதுகுல சுமந்த காலம் பிள்ளைங்க விளையாட்டுல பேரா தங்கிடுச்சு. ஆனா இதுலயும் கை ஃப்ரீ கிடையாது.

துணி நம்ம வீட்லயும் உண்டு. அதை உத்தரத்துல தொங்கவிட்டுத் தூளின்னோம், ஏணைன்னோம். வயல் வேலைக்குப் போன அம்மாக்கள் மரக்கிளையில கட்டினாங்க. எல்லாமே ஒரே இடத்துல நிக்கிற துணி.

கூடவே நடக்கிற துணி நரிக்குறவர்களோடது. ஊர் ஊரா, திருவிழா திருவிழாவா நடந்து ஊசி, பாசிமணி விக்கிற பிழைப்பு. வியாபாரத்துக்கு ரெண்டு கையும் வேணும். பிள்ளையால நாள் முழுக்க நடக்க முடியாது. அதனால தோள்ல குறுக்கே ஒரு துணியைக் கட்டி, அதுல பிள்ளையை உட்கார வெச்சாங்க. பாரம் கையை விட்டுத் தோளுக்கும் முதுகுக்கும் போயிடும். இதை டிசைன்னு யாரும் சொல்லல. நாடோடிங்க பழக்கம்னு ஒதுக்கிட்டோம்.

இதே மாதிரி துணி வேற ஊர்ல எப்படிப் பார்க்கப்பட்டுச்சு? 1960கள்ல ஆன் மூர்ங்கிற அமெரிக்க நர்ஸ் தன்னார்வலரா ஆப்பிரிக்காவுல டோகோ நாட்டுக்குப் போனாங்க. அங்க அம்மாக்கள் பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டே வேலை செய்யறதைப் பார்த்தாங்க. ஊர் திரும்பி, தன் மகளை அப்படிக் கட்டினப்போ குழந்தை நழுவிச்சு. உடனே தன் அம்மாகிட்ட சொல்லிப் பை மாதிரி தைக்க வெச்சாங்க. 1969ல அதுக்குக் காப்புரிமை. பேரு 'ஸ்னக்லி'. இன்னைக்கு ஓஎம்ஆர் அபார்ட்மென்ட்கள்ல அப்பாக்கள் மாட்டிக்கிற பக்கிள் வெச்ச கேரியருக்கு இதுவும் ஒரு முன்னோடி.

இங்க என்ன ஆச்சு? கோவளத்துக்குத் தெற்கே, பக்கத்துலயே இருக்கு மாமல்லபுரம். 2021ல அங்க கோயில் அன்னதானத்துல உட்கார விடலைன்னு ஒரு நரிக்குறவர் பெண் பேசின வீடியோ பரவிச்சு. அப்புறம் அமைச்சர் போய் அவங்களோட சமமா உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தத் தீபாவளி அன்னைக்கு முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா கொடுத்தார். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் பழங்குடிப் பட்டியல்ல சேர்ந்தது 2023ல.

ஒரு அம்மாவோட துணி காப்புரிமை ஆச்சு. இன்னொரு அம்மாவோட துணி, அவங்களைத் தள்ளி நிக்க வைக்கிற அடையாளம் ஆச்சு. ரெண்டும் செஞ்ச வேலை ஒண்ணுதான்: பிள்ளையைச் சுமந்துக்கிட்டே ரெண்டு கையையும் பிழைப்புக்கு விட்டுக் கொடுக்கிறது. கோவளம் பீச்சுல பாசிமணி விக்கிற அம்மாவைப் பார்த்தா, அந்த முடிச்சைக் கொஞ்சம் மரியாதையோட பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.