இந்திய-இலங்கை வேளாண் ஏற்றுமதிப் பல்வகைமை

இந்திய-இலங்கை கட்டற்ற வணிக உடன்பாடு என்பது 1998 டிசம்பர் 28 இல் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள இருநாட்டு உடன்பாடு ஆகும். இதன்படி தேயிலை, மிளகு உள்ளிட்ட இலங்கைப் பொருட்களுக்கு இந்தியா சுங்கவரிச் சலுகை அளிக்கிறது.

ஏற்றுமதிப் பொருட்களின் வகைகள் பெருகினால், ஒரு பொருளின் விலை வீழ்ச்சி நாட்டைப் பெரிதும் பாதிக்காது. எனினும் வரிச்சலுகையால் தோன்றும் புதிய ஏற்றுமதிகள் அனைத்தும் உள்நாட்டு விளைச்சலைச் சார்ந்தவை அல்ல. எடுத்துக்காட்டாக, 2000களில் இலங்கையின் வனஸ்பதி ஏற்றுமதி விரைவாகப் பெருகியது. அதன் மூலப்பொருளான பாமாயில் பெரும்பாலும் தென்கிழக்காசியாவிலிருந்து இறக்குமதியானது. இதனால் இந்தியா ஆண்டுக்கு 2,50,000 டன் என வரம்பு விதித்தது.

பிறநாட்டு மிளகு இலங்கை வழியே வருவதாக இந்திய மிளகு உழவர்கள் முறையிட்டதைத் தொடர்ந்து, 2017 டிசம்பரில் கிலோவிற்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலை அறிவிக்கப்பட்டது. இவ்விலை இலங்கையிலேயே விளைந்த மிளகிற்கும் பொருந்தியது.