படுகளத்தில் பாரதம்

காஞ்சியை அடுத்த கூரம் கிராமத்தில், ஏழாம் நூற்றாண்டில், மண்டபத்திலே பாரதம் வாசிப்பதற்கென்று பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் தன் நிலதானத்தில் ஒரு பங்கு ஒதுக்கிய செய்தியைக் கூரம் செப்பேடு கூறுகிறது.

செவியால் கேட்ட அந்த யுத்தம் பிற்காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களிலே கண்ணால் காணும் கூத்தாயிற்று. பகலில் பிரசங்கியார் சொல்லும் கதையையே இரவில் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் ஆடிக்காட்டி, கடைசியில் பதினெட்டாம் போர் விடியவிடிய நடந்தபின், படுகளம் என்னும் போர்க்களத்தில் மண்ணால் வனைந்து மல்லாத்திக் கிடத்திய துரியோதனனின் பிரம்மாண்ட உருவத்தைச் சுற்றி வேஷதாரிகள் இருவர் கதாயுதத்தோடு ஓடியோடிப் பொருத, பீமன் தொடையைப் பிளக்க, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள்.

இந்தச் சண்டைக்கூத்துக்கு நேரெதிரான சிக்கல் வேறோரிடத்தில் எழுந்தது: ஜப்பானிலே 1991இல் வெளிவந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்னும் சண்டை வீடியோ கேமை 1994இல் கிஸாபுரோ சுகி அனிமேஷன் திரைப்படமாக்கியபோது, அடியும் உதையுமே பிரதானமாயிருந்த பாத்திரங்களுக்கு விரோதமும் சிநேகமும் விரிவாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. நம் கூத்துக்கோ விரோதத்தின் காரணங்கள் ஏராளம், அவற்றையெல்லாம் ஒரு தேகத்தின் சலனத்தில் அடக்குவதுதான் கஷ்டம். திரைக்குப் பின்னிருந்து எழும் பாட்டாலும், மரக்கிரீடமும் புஜக்கட்டையும் தரித்துச் சுழலும் வேகத்தாலும் வேஷக்காரர் அதைச் சாதிப்பது மகத்தான வித்தை என்றே நான் கருதுகிறேன்.

பெரும்பாலும் ஆண்களே ஆடிவந்த இந்த வித்தையை, பி. ராஜகோபால் முதலிய கலைஞர்கள் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சியை அடுத்த தன் குருகுலத்தில் சிறுமியருக்கும் கற்பித்தது.