எண்ணும் முகவரியும்: ஊவாத் தோட்டங்களில் தபாற் குறியீடு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

தபாற் குறியீட்டெண் என்பது கடிதங்களை விரைவாகத் தரம் பிரிப்பதற்கென நவீன அரசுகள் வகுத்துக்கொண்ட நிருவாகச் சாதனமாகும். ஜேர்மனியில் 1941இலும், அமெரிக்காவில் 1963இலும், இந்தியாவில் 1972 ஆகஸ்டு 15ஆம் நாளிலும் இது புகுத்தப்பட்டது. பிரித்தானியாவில் 1959இல் நொரிச் நகரில் தொடங்கிய பரிசோதனை நாடு முழுவதையும் தழுவ 1974 ஆயிற்று. மக்கள் எங்கும் இதனை உடனே ஏற்றுக்கொண்டாரல்லர். அமெரிக்கத் தபாற்றுறை 'மிஸ்டர் ஸிப்' என்னும் கேலிச்சித்திரப் பாத்திரமொன்றைக் கொண்டு பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. ஊரும் பேரும் உடைய மனிதரை எண்ணாக்குவதா என்பதே இத்தகைய முறைகள் வரும்போது நகர்ப்புற நடுத்தர வர்க்கம் எழுப்பும் வழமையான வினா.

இலங்கையின் ஐந்திலக்க முறையில் ஊவாவுக்கு வாய்த்தது ஒன்பது. பதுளை 90000, பண்டாரவளை 90100, அப்புத்தளை 90160, பசறை 90500, மொனராகலை 91000. இவ்வெண்களைத் தோட்ட மக்கள் எதிர்த்தாருமில்லை, வரவேற்றாருமில்லை. இந்த மௌனத்தை அறியாமை என்று கொள்வது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. எண்ணாக்கப்படுதல் அவர்களுக்குப் புதிதன்று. முகவரியோ அவர்களிடம் இருக்கவில்லை. மௌனத்தின் பொருளை இவ்விரண்டிலுமே தேடவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டியபோது 'தகரத் துண்டு' முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு தகரத் தகடு தொழிலாளியிடம் கொடுக்கப்படும். அதனைக் காட்டினால் புகைவண்டியும் கப்பலும் அவனை உரிய தோட்டத்துக்குக் கொண்டு சேர்க்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பின்னர் அவன் கடனாயிற்று. முத்திரை ஒட்டாத கடிதத்துக்குப் பெறுபவர் பணம் கட்டுவதுண்டு. இங்கே கடிதமே தன் கட்டணத்தையும் கட்டிற்று! மலையகத்தின் முதலாவது விநியோகக் குறியீடு காகிதத்தில் அன்றி மனிதவுடலில் தொங்கியதென்பது மிகையன்று. தோட்டம் சேர்ந்தபின் செக்ரோலில் இன்னோர் எண் காத்திருந்தது.

இனி முகவரியை நோக்குவோம். பெயர், தந்தை பெயர், டிவிசன், தோட்டம், தபாலகம் என்பதே தோட்டத்து விலாசத்தின் அமைப்பு. லயத்துக்கோ காம்பராவுக்கோ அதில் இடமில்லை. ஒரே தோட்டத்தில் ராமசாமிகள் பலர். மாரியாயிகள் அதனினும் பலர். தபாலகத்திலிருந்து தோட்டத்துத் தப்பால்காரர் பையைச் சுமந்து வருவார். பை தோட்ட அலுவலகத்தில் அவிழும். அங்கிருந்து கடிதம் எப்போது, எவர் கைவழியாக, பிரித்தா பிரிக்காமலா லயத்தை அடையும் என்பது நிருவாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் கிடைத்த கதையைக் கேட்காத தோட்டப்புற ஆசிரியர் அரிது. படித்த இளைஞர் பட்டினத்துக் கடையொன்றின் விலாசத்தைக் கொடுத்துக் கடிதம் பெற்றமை இதனாலேயே. தபாலகத்தின் எண்ணைச் சரியாக எழுதினாலும் கடிதம் தபாலகம் வரைதான் விரைந்து வரும். தாமதம் நேர்ந்தது அதற்கப்பால்.

இதனைச் சில அலுவலர்களின் அசிரத்தையாக மட்டும் காண்பது போதாது. தோட்டத்து வீதி தோட்டத்துக்குரியது, லயமும் தோட்டத்துக்குரியது, குடியிருப்பவருக்கு அவற்றில் உரித்தில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் முகாமை பிராந்தியக் கம்பனிகளுக்குச் சென்றது. பெயர்ப்பலகைகள் மாறினவேயன்றி லயத்தின் கதவுக்கு இலக்கம் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதில் சபைகளின் கைகளைக் கட்டியிருந்தது. அது திருத்தப்பட 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குடியுரிமை வரலாறும் இதனோடு பிணைந்ததே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவராக்கிய மக்களை, 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றவருக்கு வீட்டிலக்கம் வழங்க எந்த அரசும் அவசரப்படாது. ஒப்பந்தத்தின்படி சென்றோரிற் பலர் நீலகிரியில் குடியேறினர். கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் எழுதிய உறவினரின் கடிதங்களில் 643 எனத் தொடங்கும் ஆறிலக்கம் இருந்தது. குறியீட்டெண்ணை ஊவாவின் லயங்கள் பல முதன்முதலிற் கண்டது அக்கடித உறைகளிலேயே எனக் கொள்வதில் தவறில்லை. அங்கு சென்றோர் வாழ்வு செழித்ததென்று கூறுவதற்கில்லை. அது வேறு கதை. ஆயினும் தாயகம் திரும்பியவர் எனும் பெயரோடு சென்றவரின் புதிய எண்ணை மனனம் செய்துகொண்ட குடும்பம், தன் சொந்த வாசலை எப்படி எழுதுவதென்று அறியாதிருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியது. காணாமற் போனோர் எத்தனை பேர் என்பது பற்றி முரண்பட்ட தொகைகள் நாட்கணக்கில் வெளியாயின. நூறு என்றனர், முந்நூறு என்றனர். எண்ணுவதிற் சளைக்காத தோட்ட முறைமை கொழுந்தின் நிறையையும் வேலை நாளையும் பேரிட்டு எண்ணியது. எந்தக் காம்பராவில் எவர் உறங்கினார் என்பதை அரசின் எந்த ஏடும் கதவு கதவாகச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கவில்லை. வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் வேண்டுமென்ற கோரிக்கையைத் தபால் வசதி பற்றியதெனச் சுருக்கிவிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

பிற்காலத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் அமைக்கும் திட்டங்கள் வந்தன. காணி உறுதியும் வீட்டிலக்கமும் கைக்குக் கிடைக்குமிடத்து, 90000இல் தொடங்கும் எண்களுக்கும் பயன் பிறக்கும். லயத்தில் எஞ்சியோரின் கடிதம், தந்தை பெயரோடும் டிவிசன் பெயரோடும், பழைய வழியே தோட்டத்து அலுவலக மேசைக்கே செல்லும்.