காப்புரிமை முடியும் நாளும் மன்னார்குடி மருந்துச் சீட்டும்

எம்பாகிளிஃப்ளோசின் என்னும் சர்க்கரை நோய் மருந்தின் காப்புரிமை 2025 மார்ச் 11 அன்று இந்தியாவில் காலாவதியானது. அறுபது ரூபாயை ஒட்டி விற்ற மாத்திரைக்குச் சில நிறுவனங்கள் உடனே பத்து ரூபாய்க்கும் கீழே விலை வைத்தன. நாளுக்கு ஒன்று என்றால், மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் முந்நூறுக்குள் அடங்கியது. சம்பா அறுப்பு முடிந்து குறுவை நடவுவரை கூலி வேலை அருகிப்போகும் மன்னார்குடி வட்டாரத்தில், மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை இந்த விலைதான் முடிவு செய்யும். காப்புரிமையின் இருபதாண்டு முடிந்ததும் விலை தானாக இறங்கும் என்று நம்புவது எளிது. உண்மையில் மலிவு மருந்து நோயாளியின் கைக்கு வர இரண்டு தடைகள் நீங்க வேண்டும். ஒன்று, பழைய மருந்தின்மீது நிறுவனம் வாங்க முயலும் இரண்டாம் காப்புரிமை. மற்றது, சீட்டில் எழுதப்படும் வணிகப்பெயர். முதல் தடையை எதிர்கொள்ள இந்தியச் சட்டத்துக்குத் துணிவு இருந்தது. இரண்டாவதில் அது தயங்கி நிற்கிறது.

நீதிபதி ராஜகோபால ஐயங்காரின் 1959 அறிக்கையை அடியொற்றி வந்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையால் 2005-இல் பொருள் காப்புரிமை திரும்பியபோது, நாடாளுமன்றம் 3(டி) பிரிவையும் கூடவே வைத்தது. அதன்படி, தெரிந்த பொருளின் புதிய வடிவம் சிகிச்சைப் பயனைக் கூட்டினாலன்றி அது புதுக் கண்டுபிடிப்பாகாது. இது உரைத்துப் பார்க்கப்பட்ட இடம் சென்னை. இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மூலக்கூறு 1993-இலேயே வெளிநாட்டு விண்ணப்பத்தில் இடம்பெற்றுவிட்டது. நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னையில் காப்புரிமை கேட்டது அம்மருந்து உப்பின் பீட்டா படிகத்துக்கு. புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் இந்திய நிறுவனங்களும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 3(டி) பிரிவே செல்லாது என்ற வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. படிகம் உடலில் முப்பது விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்ற வாதத்தை, அது மட்டுமே சிகிச்சைப் பயன் ஆகாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒதுக்கியது. விண்ணப்பம் வென்றிருந்தால் தனியுரிமை 2018 வரை நீண்டிருக்கும். காசநோய் மருந்து பெடாகுயிலினுக்கும் இதே கதை: அதன் உப்பு வடிவத்துக்கான விண்ணப்பம் 2023 மார்ச்சில் மும்பையில் மறுக்கப்பட்டது, அடிப்படைக் காப்புரிமை அவ்வாண்டு ஜூலையில் முடிந்தது.

இப்படிக் கெடுபிடி செய்தால் ஆராய்ச்சிக்குப் பணம் போடுபவர் யார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, குறி தவறியது. 3(டி) முதல் இருபதாண்டில் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை. படிகத்தை மாற்றியவர் நோயாளிக்குக் கூடுதல் குணம் காட்டினால் பரிசு உண்டு.

இரண்டாவது தடைக்கு வருவோம். மன்னார்குடி அரசு மருத்துவமனையில் அது அவ்வளவாகத் தெரியாது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப்பெயரால் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. மெட்ஃபார்மின் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. தனியார் கடையில் நிலைமை வேறு. சீட்டில் உள்ள தயாரிப்புக்குப் பதிலாக, அதே மூலப்பொருள் கொண்ட வேறொன்றைக்கூட மருந்தாளுநர் தரக் கூடாது என்கிறது மருந்து விதிகளின் 65-ஆம் விதி. எட்டு ரூபாய் மாத்திரையின் அட்டை அலமாரியில் இருந்தாலும், சீட்டில் பழைய வணிகப்பெயர் இருந்தால் அதைத்தான் எடுத்துத் தர வேண்டும். பேரத்துக்கு இடமில்லை.

தரத்தில் சந்தேகம் இருப்பதால்தான் பெயர் எழுதுகிறோம் என்பது மருத்துவர்களின் பதில். அச்சம் பொய்யல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து 2025-இல் மத்தியப் பிரதேசக் குழந்தைகளின் உயிரைப் பறித்தது. ஆனால் அந்தப் புட்டியின்மீது வணிகப்பெயர் அச்சாகித்தான் இருந்தது. தவறியது ஆலைச் சோதனை. அதைச் சரிசெய்ய வேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. மூலப்பெயரை எழுதக் கட்டாயப்படுத்தித் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த விதிமுறையும் அம்மாதமே நிறுத்திவைக்கப்பட்டது. மருத்துவரின் பேனாவோடு மல்லுக்கட்டுவதைவிட 65-ஆம் விதியைத் திருத்துவது எளிது: காப்புரிமை முடிந்த நீண்டகால நோய் மருந்துகளில், மாற்றக் கூடாது என்று மருத்துவர் காரணத்தோடு எழுதியிராவிட்டால், நோயாளி கேட்கும் விலைக்கு ஏற்ற தயாரிப்பை மருந்தாளுநர் தரலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.