பப்திஸ்த வழிபாட்டில் இசையும் சபையின் குரலும்: திருகோணமலைத் துறையிலிருந்து ஒரு நோக்கு

கிறித்தவ வழிபாட்டிசை பற்றித் தமிழில் எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வினாவையே சுற்றி வந்துள்ளன. மெட்டு மேனாட்டதா, நம்மவரதா என்பதே அவ்வினா. பயனுள்ள வினாவே எனினும் அதனினும் அடிப்படையான வினாவொன்று உண்டு. வழிபாட்டிலே பாடும் உரிமை யாருக்கிருந்தது? யாருடைய வாய் திறந்தது, யாருடைய வாய் மூடப்பட்டது? இவ்வினாவை முன்வைத்தே நாம் இப்பொருளை நோக்க விழைகின்றோம்.

திருகோணமலையில் இவ்வினா கிறித்தவத்துக்கு முற்பட்டது. கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகம் ஏழாம் நூற்றாண்டுக்குரியது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். கோயிலின்றியும் பதிகம் நிலைத்தது. கல்லை இடிக்கலாம், பாட்டை இடித்தல் அரிது என்பதை இவ்வூரார் நேரிற் கண்டறிந்தவர்கள். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து துறையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை அதனைத் தம்வசம் வைத்திருந்தனர். (ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாவில் இறந்து இவ்வூரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார் என்பதை இலக்கிய அன்பர் பலர் அறியார்.)

சீர்திருத்தத் திருச்சபைகளுள் இத்துறையில் வேரூன்றியது வெஸ்லியன் மிசன். 1814இல் இலங்கையை அடைந்த அம்மிசன் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய தமிழ்ப் பகுதிகளிற் பணியாற்றியது. அதற்கிரண்டாண்டு முன்னரே, 1812இல், பர்மாவிலிருந்து கொழும்புக்கு வந்த ஜேம்ஸ் சேற்றருடன் பப்திஸ்த மிசன் தொடங்கிவிட்டது. ஆயினும் அதன் பணி பெருமளவு சிங்களப் பகுதிகளிலும் கண்டி நாட்டிலுமே விரிந்தது. அவ்வாறாயின் திருகோணமலையை நோக்குங்கால் பப்திஸ்தரைப் பேசுவானேன்? நிர்ணயிக்கப்பட்ட செபநூலுக்குக் கட்டுப்படாத சபைகள் யாவற்றிலும் மக்கள் தாமாக வாய்திறக்கும் முதன்மையான இடம் பாட்டே. அவ்விடத்தைப் பற்றி மிக வெளிப்படையாகத் தமக்குள் போராடியவர்கள் பப்திஸ்தரே.

இன்று பப்திஸ்த வழிபாடு என்றதும் கூட்டுப் பாடலே நினைவுக்கு வரும். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலைமை அவ்வாறில்லை. முன்னரே இயற்றி வைத்த பாட்டைச் சபையார் அனைவரும் ஒருங்கே பாடுதல் ஆவியானவரின் தூண்டுதலுக்கு முரணானது என அவர்களுட் பலர் கருதினர். இலண்டனின் தென்கரையில் ஹோஸ்லிடவுன் சபையின் போதகராயிருந்த பெஞ்சமின் கீச், 1673 அளவில் இராப்போசன முடிவில் ஒரு பாட்டைப் பாடும் வழக்கத்தை அறிமுகஞ் செய்தார். ஆண்டுகள் பல கழித்தே அது வாராந்த வழக்கமாயிற்று. ஐசக் மார்லோ என்பவர் இதனைக் கண்டித்து எழுத, கீச் 1691இல் மறுப்பு நூலொன்றை வெளியிட்டார். சபையாரிற் சிலர் விலகிச் சென்றனர். மார்லோவின் வாதங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. சபையிலே பெண்கள் பேசாதிருத்தல் வேண்டும் என்பது வேதவிதி. எல்லாரும் பாடினால் பெண்களும் பாடுவர். ஆகவே அது விதிமீறல் என்பதே அவர் நிலைப்பாடு. பாட்டு அனுமதிக்கப்பட்டபோது, பிரசங்கபீடம் மறுக்கப்பட்ட பெண்களுக்கு வழிபாட்டிற் குரல் கிடைத்தது. பாட்டுக்காகப் பிளவுண்ட அதே சபையின் வழிவந்த போதகர்களே பின்னர் பாட்டுநூல் தொகுப்போராயினர் என்பது வரலாற்றின் வேடிக்கை. ஜோன் றிப்பனின் தொகுதி 1787இலும் ஸ்பேர்ஜனின் தொகுதி 1866இலும் வெளிவந்தன.

பாட்டுநூல் எல்லார் கையிலும் இருந்ததன்று, எழுத்தறிந்தோரும் சிலரே. எனவே ஒருவர் ஓரடியை உரக்கச் சொல்ல, சபையார் அவ்வடியைப் பாடும் முறை ஆங்கிலச் சபைகளில் நிலவியது. திருகோணமலைக் கரையோரத்தை அறிந்தவருக்கு இம்முறை புதிதன்று. கரைவலை இழுக்கும்போது ஒருவர் ஓரடி பாட, கயிற்றைப் பிடித்த ஏனையோர் ஒரே மூச்சில் எதிர்ப்பாட்டுக் கூறும் அம்பாப் பாடல் இதே அமைப்பினது. உழைப்பின் தேவையால் பிறந்த வடிவம் அது. பலர் உடல்கள் ஒரே கணத்தில் அசையாவிடின் வலை கரை சேராது. இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன என்று நாம் கூறவில்லை. எழுத்தில்லாதோர் கூட்டமாகப் பாட நேருமிடத்து உலகெங்கும் இத்தகைய வடிவமே தோன்றுகின்றது என்பதே நம் கருத்து.

இந்தியாவில் பப்திஸ்தரின் முதற் பெரும் நிலையம் வங்காளத்துச் சிறீராம்பூர். அங்கு வில்லியம் கேரியிடம் 1800 டிசம்பர் 28ஆம் நாள் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபால் ஒரு தச்சர். அவர் வங்காள மொழியிற் பாட்டியற்றினார். அவற்றுளொன்று ஆங்கிலமாக்கப்பட்டு இங்கிலாந்துச் சபைகளிலும் பாடப்பட்டது. பிற்காலத்தில் பிராமணர் ஒருவர் சபையிற் சேர்ந்தபோது, இராப்போசனக் கிண்ணம் முதலிற் கிருஷ்ணபாலுக்கும் அதன்பின் பிராமணருக்கும் வழங்கப்பட்டது. தற்செயலாக நேர்ந்ததன்று, திட்டமிட்டே செய்தனர்.

தமிழகத்து நிலைமையோ வேறு. இங்குதான் நம் பொருள் சிக்கலடைகின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறித்தவ இசையின் தலைமகன். சுவார்ச்சையரால் வளர்க்கப்பட்டவர், இரண்டாம் சரபோசி மன்னரின் இளமைத் தோழர், பெத்தலகேம் குறவஞ்சியின் ஆசிரியர். கர்நாடக இசையின் கீர்த்தனை வடிவத்தை வழிபாட்டுக்கு உரியதாக்கியவருள் அவரே முதன்மையானவர். 1820களில் புதிதாக வந்த மிசனறிமார் பழைய வழக்கங்களை மாற்ற முற்பட்டபோது சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். அவர் முறையிட்ட கொடுமைகள் நான்கு: வேதமொழிபெயர்ப்பை மாற்றியமை, திருநாட்களில் மலரலங்காரத்தை விலக்கியமை, தமிழ்ப் பாடல்களை விலக்கியமை, சாதி வேறுபாடின்றி ஒருங்கிருந்து உண்ணவும் பருகவும் வற்புறுத்தியமை.

இப்பட்டியலைத் தமிழிசை ஆர்வலர் பலர் பாதியாகவே வாசிக்கின்றனர். தமிழ்ப் பாட்டைக் காத்த அதே கை சாதித் தடுப்பையும் காத்தது. மறுபுறம், தடுப்பை உடைக்க முனைந்தவர்கள் பாட்டையும் உடைத்தெறிய முனைந்தனர். சாதியொழிப்பை மேலிருந்து ஆணையாகவே பிறப்பித்தனர். 1833இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் விடுத்த சுற்றறிக்கை இதன் உச்சம். தஞ்சைக் கிறித்தவருட் பலர் அதனை ஏற்க மறுத்தனர். சாஸ்திரியாரின் இசைத் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்விசை எவருடைய செவிக்கு, எத்தகைய பயிற்சியுடையோர் நாவுக்கு அமைந்தது என்பதையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும் என்கின்றோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வேட் வெப், சாஸ்திரியார் பாடல்கள் உட்படப் பல கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். அதன்பின் சபை வேறுபாடுகளைக் கடந்து, பாக்குநீரிணைக்கு இருபுறமும் கீர்த்தனை பரவியது. மொழிபெயர்ப்பு ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்துப் பாடப்படும் இரட்டை மரபு இன்றும் தமிழ்ச் சபைகளில் நிலவுகின்றது. முன்னதில் மேனாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொல் நெருக்கி அமர்த்தப்படுகின்றது; குறில் நெடிலாவதும் அசை முறிவதும் செவிக்கு இனியனவல்ல. பின்னதில் சொல் இயல்பாக ஓடும். ஆனால் சரணத்தை உபதேசியாரோ பாடகர் குழுவோ பாட, சபைக்குப் பெரும்பாலும் பல்லவியே எஞ்சும்.

இவ்விரு மரபிலும் நூலேறியது ஏற்கெனவே பெயர் பெற்ற மெட்டே. ஞானப்பாட்டுக்கு மேனாட்டு மெட்டுப் பெயர் உண்டு. கீர்த்தனையின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டன. அம்பாவுக்கு இராகப் பெயரில்லை. பறைக்கும் இல்லை.

இவ்விடைவெளியை நேர்நின்று எதிர்கொண்டவர் தமிழகத்து இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). அவர் பப்திஸ்தர் அல்லர், தென்னிந்தியத் திருச்சபையினர். மதுரை அரசரடி இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, ‘பரட்டை’ என்ற பெயரிற் பாட்டியற்றி, வழிபாட்டு முறை முழுவதையும் கிராமிய இசையில் அமைத்தார். கர்நாடக இசைக் கீர்த்தனை தலித் மக்களின் வாழ்வுக்கு அந்நியமானது என்பதை அவர் தயங்காது கூறினார். கிராமியப் பாட்டைக் கற்றவர் எவரும் அதன் சொல்லை மாற்றலாம், அடி சேர்க்கலாம். அதனால் அது ஒடுக்கப்பட்டோர் கைக்கருவியாகும் என்பது அவர் வாதம். அனைவரும் ஒரே உலையில் ஆக்கி உண்ணும் ‘ஒரு உலை’ என்னும் கருத்தை அவர் இசையோடு இணைத்தார். சாஸ்திரியாரின் முறைப்பாட்டில் எதிரெதிராக நின்ற பாட்டும் பந்தியும் இவரிடத்தில் ஒன்றாயின.

மார்லோவின் அச்சமும் இதனோடு தொடர்புடையதே. பாடுவோர் எல்லாரும் சொல்லை மாற்றக்கூடுமாயின், போதகர் கையிலுள்ள நூல் இறுதி அதிகாரமாக நீடிப்பதில்லை. கீச் கூட இயற்றப்பட்ட பாட்டையே அனுமதித்தார். இயற்றும் உரிமையைச் சபையாருக்கு வழங்கவில்லை. கரைவலையில் முன்னின்று பாடுபவரோ அன்றைய கடலுக்கும் அன்றைய மீன்பாட்டுக்கும் ஏற்ப அடியை அவ்விடத்திலேயே புனைகின்றார். அவருக்குத் தொண்டை கட்டினால் கயிற்றைப் பிடித்திருப்பவருள் வேறொருவர் தொடர்கின்றார்.