படத்தை நிறுத்திய மாளிகை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பிராட்வே வீதியில், 1931-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி இரவு, சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' படத்தோடு வாசல் திறந்த லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டர், அவ்வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய திரை மாளிகைகளுக்கெல்லாம் கடைக்குட்டி. தேசமெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய அந்நாளில், கம்பினர் என்ற தியேட்டர் முதலாளி, பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, எஸ். சார்லஸ் லீ என்ற கட்டடச் சிற்பியைக் கொண்டு, சுமார் 2,000 பேர் அமரக்கூடிய இதை நிர்மாணித்தார்.

பிரெஞ்சு தேசத்துப் பதினான்காம் லூயி மன்னனின் அரண்மனை வைபவத்தையே ஆதர்சமாகக் கொண்டு லீ சமைத்த முன்மண்டபத்தில், நெடிய தூண்களும் நிலைக்கண்ணாடிகளும் சரவிளக்குகளும் இருமருங்கும் ஜொலிக்க, அகன்ற மாடிப்படிகளின் உச்சியில் ஸ்படிகச் சரங்கள் தொங்கும் நீரூற்று ஒன்று நிற்கிறது. தெருவோரத்திலேயே காட்சி ஆரம்பமாகிவிட வேண்டும் என்பது லீயின் சித்தாந்தம். டிக்கெட்டுக் காசு கொடுத்த சாமானியனும் உள்ளே அடி வைத்த மாத்திரத்தில் ராஜ உபசாரம் பெற்றான்.

ஆயினும் என் நெஞ்சைக் கவர்வது இந்த ஆடம்பரம் அன்று. கீழ்த்தளத்துக் கூடத்தில் இளைப்பாறுகிறவர்களும் கதையைத் தவறவிடாதபடி, மேலே ஓடும் படத்தைக் கண்ணாடிப் பட்டகங்களின் வழியே இறக்கிச் சிறு திரையில் விழச் செய்திருந்தார்கள். காலியான ஆசனங்களை மின்விளக்குப் பலகை காட்டிற்று. கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு, அழுகுரல் வெளியே கேளாத கண்ணாடி அறை இருந்தது.

இவ்வளவும் ஜனங்கள் கண்ணில் படவேண்டுமே என்ற தவிப்பு கம்பினருக்கு. ஐன்ஸ்டீன் தம்பதிகள் சாப்ளினுடன் அமர்ந்திருந்த அந்த முதல் இரவில், அரங்கமே சிரிப்பில் ஆழ்ந்திருந்த கட்டத்தில், படத்தை நிறுத்தி விளக்குகளை ஏற்றி, கட்டடத்தின் சிறப்புகளை ஒலிபெருக்கியில் விவரிக்கச் செய்தார். சாப்ளின் ஆத்திரத்துடன் எழுந்து ஓட, சபையோர் கூச்சலிட, படம் மீண்டும் ஓடிற்று.

ஆண்டு முடிவதற்குள் கம்பினர் நொடித்துப் போனார். மாளிகை கைமாறி, 1994 வரை படங்களைக் காட்டி, இன்றும் நிலைத்து நிற்கிறது. அன்றிரவு அந்த அறிவிப்பு தேவையே இல்லை. கண்ணாடி அறைக்குள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டியபடியே, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு தாய் சிரிப்பாளாயின், அம்மாளிகையின் பெருமைக்கு அதனினும் மேலான சாட்சியம் வேறென்ன வேண்டும்!